செம்மண்ணும் கரிசலும்: கல்லிலுள்ள இரும்பு அடையும் மாறுதல்கள்

மதுரையினின்று மேலூர்ச் சாலையில் செல்வோர் இருமருங்கிலும் செம்மண் புஞ்சைகளையும், அவற்றின் நடுவே தலைதூக்கி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளையும் காண்பர். தெற்கே திருமங்கலத்தைக் கடந்து கள்ளிக்குடி நோக்கிச் சென்றாலோ நிலம் கறுத்து, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே மழை, ஒரே வெயில். எனினும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. இந்த வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்று கிராம சபைக் கூட்டங்களில் விவசாயிகள் கேட்பதுண்டு. அவர்களிற் பலர், கரிசல் மண் என்பது முற்காலத்தில் எரிமலை கக்கிய சாம்பல் என்றும், அதனாற்றான் அதில் காந்தச் சத்து இருக்கிறது என்றும் நம்புகின்றனர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ‘எரிமலைப் பாறையினின்று கரிசல் மண் உண்டாகிறது’ என்று படித்த இளைஞர்களும் இதையே கூறுகின்றனர்.

இதில் பாதி உண்மை. பாதி, வேறு நாட்டு உண்மை. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய பகுதிகளில் உள்ள கரிசல் எரிமலைப் பாறையின் பிள்ளை என்பது சரியே. நமது கரிசலுக்கு அந்தத் தாய் இல்லை. மதுரைச் சமவெளியின் அடியில் கிடப்பவை நைஸ் என்னும் வரிப்பாறையும், சார்னோக்கைட் என்னும் கருநீலப் பாறையும், அவற்றை ஊடுருவிய கிரானைட்டும் ஆகும். இவை பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலிருந்த மலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து போனபின் வெளிப்பட்டவை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் எரிமலைகள் அல்ல. ஆயினும் எரிமலைப் பாறையில் இரும்பு எவ்வாறு மாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், நமது நிலத்தில் நடப்பதும் எளிதில் விளங்கும். ஏனெனில் அங்கே அக்கதை சுத்தமாகவும் பெரிதாகவும் எழுதப்பட்டிருக்கிறது.

தக்காணப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு வெள்ளம்போல் பரவியது. ஒருமுறை அன்று, பலமுறை; ஒரு தட்டு ஆறியபின் அதன்மேல் மறு தட்டாகப் பாய்ந்தது. இன்று ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அப்பாறை பரந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். பசால்ட் என்று பெயர் பெற்ற இக்கருங்கல்லில், நூற்றுக்குச் சில பங்கு, மாக்னடைட் என்னும் காந்தக் கனிமம் கலந்திருக்கிறது. அதில் டைட்டானியம் என்ற உலோகமும் சேர்ந்திருக்கும். குழம்பு விரைவில் ஆறியமையால் இக்கனிமம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணிகளாகவே அமைந்தது.

மாக்னடைட் என்பது இரும்பும் பிராணவாயுவும் கலந்த பொருள். மூன்று பங்கு இரும்பு அணுவுக்கு நான்கு பங்கு பிராணவாயு அணு என்பது கணக்கு. அம்மூன்று இரும்பு அணுக்களில் இரண்டு, பிராணவாயுவோடு முழுமையாகக் கூடிவிட்டவை. ஒன்று, இன்னும் அரைகுறையாக நிற்பது. இந்த அரைகுறை இரும்புதான் பின்னர் நிகழும் மாறுதல்கள் அனைத்திற்கும் காரணம். வீட்டு வாசலில் போட்டுவைத்த கடப்பாரை மழையில் நனைந்து துருப்பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்லுக்குள் இருக்கும் காந்தக் கனிமத்துக்கும் அதுபோன்ற ஒன்றே நேர்கிறது. ஆனால் கடப்பாரை ஒரு மழைக் காலத்தில் துருப்பிடிக்கிறது. இதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

வெப்ப நாடுகளில் இவ்வேலை ஏன் விரைவாக நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பொதுவாக இரசாயன மாறுதல்கள், வெப்பம் 10 பாகை உயரும்போது ஏறத்தாழ இரு மடங்கு வேகமடைகின்றன. அன்றியும், வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விடும் மூச்சினால் மண்ணுக்குள் கரியமில வாயு நிரம்பியிருக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு இலேசான புளிப்புத் தன்மை பெற்றுக் கல்லின் இடுக்குகளில் இறங்குகிறது. இறங்கிய நீர் கோடையில் வற்றுகிறது. அவ்விடத்தில் காற்று நுழைகிறது. அடுத்த மழையில் மீண்டும் நீர். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நடக்கும் இந்த நாட்டில், கல் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் மட்டும் உருண்டையாகக் கெட்டிக் கல் நிற்பதைக் கிணறு வெட்டுவோர் அறிவர். அவ்வுருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே கருமை. வெளியே பழுப்பும் சிவப்பும். அந்த ஒரு சாண் அகலத்திற்குள் இரும்பின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதற் கட்டத்தில், மாக்னடைட் மணியின் ஓரத்திலிருந்து அரைகுறை இரும்பு சிறிது சிறிதாக வெளியேறுகிறது. எஞ்சியது பிராணவாயுவோடு முற்றும் கூடுகிறது. அப்போது உண்டாவது மாகெமைட். அதன் உள்ளமைப்பு பெரும்பாலும் பழையபடியே இருக்கும். ஆங்காங்கே இரும்பு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். எனவே அதுவும் காந்தத்தால் ஈர்க்கப்படும். நிறம் மட்டும் கருமை நீங்கிப் பழுப்பாகிறது. மணி சற்றுச் சுருங்குவதால் அதில் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பின் வழியே நீர் மேலும் நுழைகிறது.

அடுத்த கட்டத்தில் உண்டாவது ஹேமடைட். மாகெமைட்டில் எவ்வளவு இரும்பும் எவ்வளவு பிராணவாயுவும் உண்டோ, ஹேமடைட்டிலும் அவ்வளவே. ஒரே செங்கற்களைக் கொண்டு கட்டிய இரு சுவர்கள் போல, பொருள் ஒன்று, கட்டுமானம் வேறு. ஆனால் இக்கட்டுமான வேற்றுமையால் காந்தத்தின் ஈர்ப்பு ஏறக்குறைய மறைந்தே போகிறது. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது இந்த ஹேமடைட்தான். மிகச் சிறிதளவே இருப்பினும், மணலின் ஒவ்வொரு மணியையும் மஞ்சள் பூசிய முகம்போல் மூடிக்கொள்வதால் நிலம் முழுவதும் சிவந்து தோன்றுகிறது. ஈரம் நீங்காத குளிர்ந்த இடங்களில் ஹேமடைட்டுக்குப் பதிலாக, நீரையும் தன்னுள் சேர்த்துக்கொண்ட கோதைட் என்னும் மஞ்சட் பழுப்புக் கனிமம் உண்டாகிறது. ஆதலின், ஒரு குழியில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் இருப்பின், கீழ்ப்பகுதியில் நீர் நெடுநாள் தேங்குகிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். தென்னையோ மாவோ வைக்கக் குழி எடுப்பவர்கள் இதனைக் கவனித்தல் நலம்.

ஒரே எரிமலைப் பாறையே மழையின் அளவுக்கேற்ப வெவ்வேறு மண்ணாவதும் கவனிக்கத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. அங்கே மழைநீர் சுண்ணாம்பு, சாம்பற் சத்து, மணற்சத்து அனைத்தையும் கழுவிச் சென்றுவிட, இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சிச் செம்பூராங்கல் ஆகிவிட்டன. மலைக்குக் கிழக்கே சோலாப்பூர்ப் பக்கம் மழை 1,000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அங்கே கழுவிச் செல்ல நீரில்லாமையால் சத்துக்கள் தங்கி, ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் களிமண்ணாகிக் கரிசல் நிலமாயிற்று. செம்பூராங்கல்லுக்கு ‘லாட்டரைட்’ என்ற பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் அங்காடிப்புரம் என்ற ஊரில், மக்கள் அதனை நிலத்தில் மெதுவாக இருக்கும்போதே செங்கல்போல் வெட்டியெடுத்து, காற்றில் காயவைத்துக் கெட்டிப்படுத்தி வீடு கட்டுவதைக் கண்டு, 1807-ல் வெளிவந்த தமது பிரயாண நூலில் எழுதினார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அப்பெயருக்கு அடிப்படை. நம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களிலும் செம்பூராங்கல் உண்டு. சேர்வராயன் மலையில் சார்னோக்கைட் பாறை இவ்வாறே மழையில் வெந்து, அலுமினியம் மிகுந்த பாக்சைட்டாக மாறியிருக்கிறது.

எரிமலைப் பாறையின் காந்தம் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். பம்பாயில் கொலாபா என்னுமிடத்தில் பூமியின் காந்தத்தை அளக்கும் நிலையம் ஒன்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இருந்தது. நகரில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்ததால் அளவைகள் கெடும் என்று அஞ்சி, 1904-ல் அதற்கு மாற்றாக அலிபாகில் புதிய நிலையம் அமைத்தனர். அவ்வூரைச் சுற்றிலும் கட்டடத்திற்கேற்ற கருங்கல் ஏராளம். ஆயினும் அக்கல்லைத் தொடாமல், காந்தமற்ற போர்பந்தர் மணற்கல்லைத் தருவித்துக் கட்டினர். உள்ளூர்க் கல்லைச் சுவரில் வைத்திருந்தால் கருவியின் முள் பூமியை விட்டுச் சுவரைப் பார்த்திருக்கும்!

அக்கல்லின் காந்தத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. குழம்பு ஆறும்போது அதிலுள்ள காந்த மணிகள் அன்றைய பூமியின் காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. 1950களில் லண்டனிலிருந்து வந்த விஞ்ஞானிகள் தக்காணக் கற்களை ஆராய்ந்து, அவை ஆறியபோது நமது நாடு பூமியின் நடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதொலைவில் இருந்தது என்று கண்டனர். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள இது பெருந்துணை புரிந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது புதிய, வெந்து போகாத கல். வெயிலிலும் மழையிலும் மாறிய கல்லில், புதிதாக உண்டான ஹேமடைட் தான் உண்டான காலத்துத் திசையையே பதித்துக்கொள்வதால், பழைய எழுத்தின்மேல் புது எழுத்து எழுதியதுபோல் குழப்பம் நேர்கிறது. இடி விழுந்த பாறையிலும் இதே தொல்லை. மின்னல் பாய்ந்த இடத்தில் கல் வலுவாகக் காந்தமேறிவிடும். மலை உச்சியில் திசைகாட்டி முள் தடுமாறினால் உடனே புதையல் என்று எண்ணிவிட வேண்டியதில்லை.

இனி நமது ஊருக்கு வருவோம்.

மதுரைச் சமவெளியின் நைஸ், சார்னோக்கைட் பாறைகளிலும் மாக்னடைட் உண்டு. அவை ஆழத்தில் மெல்ல உருவானவையாதலால் மணிகள் சற்றுப் பெரியவை. பாறையிலுள்ள மற்றக் கனிமங்கள் களிமண்ணாகக் கரைந்தபின்னும் மாக்னடைட் எளிதில் கரையாமல் நெடுநாள் நிற்கும். மழை பெய்து ஓய்ந்தபின் வாய்க்கால் மணலிலும் வண்டித் தடத்திலும் கருங்கோடுகள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்மணலைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானதால், நீர் வெண்மணலை அடித்துச் சென்றபின் இது பின்தங்கிவிடுகிறது.

பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தை எடுத்து, ஒரு காகிதத்தில் சுற்றி, அக்கருமணலில் புரட்டிப் பாருங்கள். தாவி ஒட்டுபவை மாக்னடைட். ஒட்டாமல் நிற்கும் கருமணிகளிற் பெரும்பாலானவை இல்மனைட் என்னும் டைட்டானியக் கனிமம். சிவந்து மின்னுபவை கார்னெட். காகிதத்தைப் பிரித்தால் ஒட்டியவை உதிர்ந்துவிடும். காந்தத்தை நேரே தோய்த்தவர் அதைச் சுத்தம் செய்யப் பொழுது முழுவதும் உட்கார்ந்திருக்க நேரும். அடுத்து, நல்ல செம்மண்ணில் ஒரு பிடி எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள். மிகச் சில மணிகளே ஒட்டும். நிலம் முழுதும் சிவந்திருக்கிறதே, இரும்பு எங்கே போயிற்று என்று வியப்பீர்கள். அது ஹேமடைட்டாகவும் கோதைட்டாகவும் மாறிக் காந்தத்திற்கு முகம் கொடுக்காமல் இருக்கிறது. அம்மண்ணை ஒரு சட்டியில் இட்டு, கொஞ்சம் உமியோ சருகோ கலந்து, மூடி, அடுப்பில் நன்கு வறுத்து ஆறவைத்து, மீண்டும் காந்தத்தைக் காட்டுங்கள். முன்னினும் அதிகம் ஒட்டும். சருகு எரியும்போது பிராணவாயுவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, இரும்பு மீண்டும் மாக்னடைட்டாகவும் மாகெமைட்டாகவும் திரும்புகிறது. பள்ளி மாணவர்களுக்கு இதைவிட மலிவான விஞ்ஞானப் பாடம் கிடையாது.

சூளையில் வெந்த செங்கல்லும், குயவர் சட்டியும், பழங்கால அடுப்பும் காந்தமேறி இருப்பதன் காரணமும் இதுவே. மண்ணுக்கடியில் புதைந்துள்ள சூளைகளையும் செங்கற்சுவர்களையும் தோண்டாமலே மேலிருந்து காந்த அளவைக் கருவியால் உணரலாம். 2014-15-ல் தொடங்கி, மத்திய தொல்லியல் துறையும், பின்னர் 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழ்ந்து வரும் கீழடியில், குழி எங்கே இடுவது என்று தேர்வதற்கு இத்தகைய முறைகளும் கையாளப்பட்டன.

காட்டை எரிப்பதாலும், தாளை எரிப்பதாலும், நனைந்து காயும் மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையாலும், மேல்மண்ணில் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் புதிதாகத் தோன்றுகின்றன. எனவே பல நிலங்களில் மேல்மண் அடிமண்ணைவிடக் காந்தம் மிகுந்திருக்கும். இதனை 1955-ல் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி லெ போர்ன் எடுத்துக் காட்டினார். இத்துகள்கள் ஒலிபெருக்கிக் காந்தத்திற்குப் புலப்படா. அதற்கென உள்ள கருவி வேண்டும். ஆயினும் இதனால் நமக்கு ஒரு பெரும்பயன் உண்டு. ஏரியில் படிந்த வண்டலின் காந்தத்தை அளந்து, அது வயலின் மேல்மண்ணா, ஓடைக் கரை இடிந்து வந்த அடிமண்ணா என்று ஊகிக்கலாம். 1970களில் வட அயர்லாந்தில் நே என்னும் பேரேரியின் படிவுகளில் இம்முறையைக் கையாண்டு, காடு அழித்துப் பயிரிட்ட காலங்களில் மண் எவ்வாறு அரித்து வந்தது என்று ஆராய்ந்தனர்.

நமது கண்மாய்களில் இம்முறையைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. நீர் நெடுநாள் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றில், நுண்ணுயிர்கள் இரும்பிலிருந்து பிராணவாயுவைப் பறித்துக் காந்தத் துகள்களைக் கரைத்துவிடுகின்றன. நஞ்சை வயலின் சேறு நீலச் சாம்பல் நிறமாக இருப்பதும், நெல் வேரைச் சுற்றித் துருவின் செந்நிறம் படிவதும் இவ்வேலையின் அடையாளங்களே. வயல்நீரின் மேல் எண்ணெய் படர்ந்தாற்போல் பளபளப்பு மிதந்தால், பலர் எஞ்சின் எண்ணெய் கசிந்தது என்று அண்டை வயற்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். ஓட்டுச் சில்லுபோல் உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம். உடனே மீண்டும் கூடிக்கொண்டால்தான் எண்ணெய்.

கரிசலின் கருமைக்கு வருவோம். கரிசல் கறுத்திருப்பது மாக்னடைட்டால் என்று முன்னாளில் சில நூல்கள் எழுதின. தக்காணக் கரிசலில் மாக்னடைட் மிகுதி என்பதால் இக்கருத்து எழுந்தது. எனினும் கருமைக்கு முதற்காரணம், மக்கிய தாவரப் பொருள் ஊதும் களிமண்ணோடு இறுகப் பிணைந்திருப்பதே ஆகும். திருமங்கலம், கள்ளிக்குடி, அதற்குத் தெற்கே விருதுநகர், கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல், சுண்ணாம்பும் கருங்கனிமங்களும் செறிந்த நைஸ் பாறை வகைகள், நீர் வடிய வழியில்லாத தாழ்ந்த சமநிலத்தில் சிதைந்து உண்டானது. கழுவிச் செல்லப்படாத சுண்ணாம்பு கீழே சுக்கான் கல்லாகத் தங்குகிறது. மேட்டிலிருந்து நீர் வடிந்துபோகும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நிலங்களில் சுண்ணாம்பு போய், இரும்பு தங்கிச் செம்மண்ணாயிற்று. ஆகவே நமது இருவகை மண்ணுக்கும் வேற்றுமை, எரிமலை உண்டா இல்லையா என்பதில் இல்லை. எந்தப் பாறை சிதைந்தது, நீர் எவ்வழிச் சென்றது, எங்கே நின்றது என்பதில்தான் இருக்கிறது.

இவற்றால் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். செம்மண்ணில் இடும் சூப்பர் பாஸ்பேட் உரத்தை எடுத்துக்கொள்வோம். மணிகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு, உரத்திலுள்ள மணிச்சத்தைக் கவர்ந்து இறுகப் பிடித்துக்கொள்கிறது. மூட்டை மூட்டையாக வாங்கி நிலமெங்கும் தூவினால் பயிருக்கு முன் இரும்பே உண்டுவிடும். தூவாமல், விதை விழும் சாலருகே வைப்பதும், நன்கு மக்கிய தொழு உரத்துடன் கலந்து ஒரு மாதம் மூட்டம்போட்டு வைத்து இடுவதும் இந்த இழப்பைக் குறைக்கும். மானாவாரிப் பயிர்களுக்கு, இவ்வாறு ஊட்டமேற்றிய தொழு உரம் ஹெக்டேருக்கு 750 கிலோ இடுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தொழு உரத்திலுள்ள மக்கு, இரும்பின் பிடியில் தான் சென்று அமர்ந்துகொண்டு மணிச்சத்துக்கு விடுதலை அளிக்கிறது.

கரிசலிலோ நிலைமை நேர்மாறு. நிலத்தில் இரும்பு ஏராளம். பயிரோ இரும்புப் பஞ்சத்தில் வாடும். சுண்ணாம்பு மிகுந்த காரத் தன்மையில் இரும்பு கரைவதே இல்லை. கரையாததை வேர் உண்ண முடியாது. நிலக்கடலை, சோளம், கரும்பு ஆகியவற்றில் இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகி, முற்றினால் வெளுத்தும் போகும். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. இளம் இலை முதலில் மஞ்சளானால் இரும்பு குறை என்று ஐயுறவேண்டும். 100 லிட்டர் நீரில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை அன்னபேதியைக் கரைத்து, அதனுடன் 100 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாலை வேளையில் இலை நனையத் தெளித்து, பத்து நாட்களுக்குப்பின் மறுமுறை தெளித்தால் பச்சை திரும்பும். அன்னபேதி பச்சை நிறமாக இருத்தல் வேண்டும். காற்றுப்பட்டுப் பழுப்பேறிய சரக்கைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள இரும்பு முன்னரே துருவாகிவிட்டது. சுண்ணாம்பு நிலத்தில் அன்னபேதியை மண்ணில் மட்டும் இட்டால் அதுவும் விரைவில் துருவாகிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. செம்மண்ணும் சரளையும் சாலைக்கும் மனைக்கும் தேவைப்படுவதால், புஞ்சையின் மேல்மண்ணை விலைபேசுவோர் ஊர்தோறும் வருகின்றனர். எங்கள் ஒன்றியத்தில் ஒரு விவசாயி, மேட்டுப் புஞ்சையில் மூன்றடி மண்ணை விற்றார். ‘மண் என்ன, கீழேயும் அதே சிவப்புத்தானே’ என்பது அவருடைய வாதம். நிறம் ஒன்றே; நிலம் ஒன்றன்று. மேலே இருந்தது மக்கும் உயிரும் கலந்த மண். கீழே வெளிப்பட்டது வெறும் இரும்புப் போர்வை போர்த்த சரளை. அந்த இரும்பை மறைக்க மக்கு ஏதும் இல்லாமையால், அடுத்து அவர் இட்ட உரமெல்லாம் அதற்கே இரையாயிற்று. இரு பருவங்கள் நிலக்கடலை முழங்காலளவுகூட வளரவில்லை. கல் வெந்து சரளையாகி, சரளை பயிர்மண் ஆவதற்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அதை ஏற்றிச்செல்ல இரண்டு பகற்பொழுது போதும். 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி சரளை எடுக்க அனுமதி பெறவேண்டும் என்பதையும், பட்டா நிலமாயினும் இவ்விதி பொருந்தும் என்பதையும் ஊர்மக்களுக்கு உறுப்பினர்கள் எடுத்துரைக்கவேண்டும்.

அந்த நிலத்தை மீட்க உதவியது கண்மாய் வண்டல்தான். அரித்துப்போன மேல்மண் பெரும்பாலும் கண்மாயிலேயே தங்கியிருக்கிறது. குடிமராமத்துப் பணிகள் மீண்டும் தொடங்கிய 2017 முதல், உரிய அனுமதியுடன் விவசாயிகள் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அரசு வகைசெய்திருக்கிறது. எடுக்கும்போது கரிய, மிருதுவான மேற்படிவை மட்டும் வழித்தெடுக்கவேண்டும். அதன்கீழ் மஞ்சளாகவோ சிவந்தோ கெட்டியாகவோ தரை தட்டினால் நிறுத்திவிடுங்கள். அது வண்டல் அன்று, கண்மாயின் சொந்தத் தரை. அதைத் தோண்டினால் நிலத்துக்கும் பயனில்லை. சில கண்மாய்களில் நீரும் கீழே இறங்கிவிடும். செம்மண் புஞ்சைக்கு வண்டல் மருந்து. கரிசலுக்கு அதே வண்டல் அத்துணை அவசியமன்று. அங்கே சிறிது செம்மண் கலந்த மணற்பாங்கான வண்டலே நன்மை செய்யும்.

காந்தத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. கிணறு வெட்டும்போது கிடைத்த கனத்த கருங்கல் காந்தத்தில் ஒட்டுகிறது என்று அறிந்தவுடன், அது விண்கல் என்றும், இரிடியம் என்றும், அரிசியை இழுக்கும் என்றும், கோடி ரூபாய் பெறும் என்றும் கூறி, ‘பரிசோதனைச் செலவு’ என்று முன்பணம் கேட்போர் தமிழ்நாடெங்கும் திரிகின்றனர். போலீஸ் வழக்குகள் பல பதிவாகியுள்ளன. இரிடியம் காந்தத்தில் ஒட்டாது. அரிசியை எந்த உலோகமும் இழுக்காது. அரிசிக்கு முன்கூட்டியே இரும்புத் தூள் பூசினால் மட்டுமே அது காந்தத்தை நோக்கித் தாவும். நமது பாறையில் மாக்னடைட் இருப்பது, நமது குளத்தில் கெண்டை இருப்பதைப் போன்றதே. ஐயமிருப்பின் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் கல்லைக் காட்டலாம்.

தம் நிலத்தில் இரும்பு எந்நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புவோர் கோடையில், உழவுக்குமுன், மண் மாதிரி எடுத்து அனுப்பலாம். மதுரையில் மண் பரிசோதனை நிலையம் உண்டு. 1965-ல் யானைமலை அடிவாரத்தில் நிறுவப்பெற்ற வேளாண்மைக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலுள்ள சருகை நீக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஆப்பு வடிவில் வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரே கனமாகச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்பினால் போதும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். இரும்பு முதலிய நுண்ணூட்டங்களைச் சோதிக்கக் கேட்பதாயின், துருப்பிடித்த மண்வெட்டியால் எடுத்த மண் உதவாது. மண்வெட்டியின் துருவே மண்ணின் இரும்பாகக் கணக்கில் ஏறிவிடும். மரக்கரண்டியாலோ, துருவேறாத எஃகுக் கரண்டியாலோ சீவி, துணிப்பையிலோ சுத்தமான பிளாஸ்டிக் பையிலோ இட்டு, சர்வே எண், முன் விளைந்த பயிர், அடுத்து விதைக்கப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதி உடன் வைக்கவேண்டும்.